முதுகலைப் படிப்புக்கு அரசாங்கக் கடன் யாருக்குக் கிடைக்கும்? காரைக்குடியில் எம்.பி.ஏ. சேரப்போகிறேன். ஈடு காட்ட பூர்வீக வீட்டில் அப்பாவின் பங்கு மட்டும்தான் இருக்கிறது.

முதலில் வீட்டை மறந்துவிடுங்கள். பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போடாமல் பூர்வீக வளவு வீட்டை எந்த வங்கியும் அடமானமாக எடுக்காது. சிங்கப்பூரில் ஒருவர், சென்னையில் ஒருவர் என்று இருந்தால் அது நடக்கிற காரியமில்லை. நல்லவேளை, 7.5 லட்சத்துக்குள் கேட்டால் ஈடே வேண்டாம். அப்பாவோ அம்மாவோ கூட்டாகக் கையெழுத்திட்டால் போதும்.

கடன் கொடுப்பது அரசாங்கமல்ல, வங்கி. அரசு செய்வது வட்டியைச் சுமப்பதும் வங்கிக்கு உத்தரவாதம் நிற்பதும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், அத்திட்டத்துக்கான அரசுப் பட்டியலில் உள்ள கல்லூரியில் தகுதி அடிப்படையில் இடம் கிடைத்திருக்க வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கும் தொலைதூரக் கல்விக்கும் இது கிடையாது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம். 4.5 லட்சத்துக்குள் என்றால், எம்.பி.ஏ. போன்ற தொழிற்படிப்புக்குத் தவணை தொடங்கும் வரை முழு வட்டியும் மானியம். ஆனால் இந்த முழு மானியம் ஆயுளில் ஒரு முறைதான். இளங்கலையில் வாங்கியிருந்தால் முதுகலைக்குக் கிடைக்காது.

பலர் சறுக்குவது கல்லூரி விஷயத்தில். அழகப்பா பல்கலைக்கழகத் துறையில் சேர்வது வேறு, அதன் இணைப்புக் கல்லூரியில் சேர்வது வேறு. பல்கலைக்கழகம் பட்டியலில் இருப்பதால் இணைப்புக் கல்லூரியும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். பட்டியல் ஆண்டுதோறும் மாறும், எனவே பணம் கட்டும் முன் வித்யாலட்சுமி தளத்தில் கல்லூரியின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

வருமானச் சான்றிதழை இ-சேவையில் இப்போதே விண்ணப்பியுங்கள். தாசில்தார் தருவதுதான் செல்லும், சம்பளச் சீட்டு போதாது.

மானியம் இல்லாவிட்டால் வட்டிக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 10 சதவீத வட்டியில் 4 லட்சம் கடன், ஆண்டுக்கு 2 லட்சமாகப் பட்டுவாடா என்று வைத்துக்கொள்வோம். படிப்பு இரண்டு வருடம், அதன்பின் தவணை தொடங்க அவகாசம் ஒரு வருடம். முதல் 2 லட்சத்துக்கு மூன்று வருட வட்டி 60,000, அடுத்ததற்கு இரண்டு வருட வட்டி 40,000. தவணை தொடங்கும்போது பாக்கி 5 லட்சமாக நிற்கும். படிக்கும்போதே மாதாமாதம் வட்டியைக் கட்டினால் இந்த லட்சம் அசலில் ஏறாது, பல வங்கிகள் 1 சதவீதம் தள்ளுபடியும் தரும்.

இளங்கலைக் கடன் பாக்கி இருந்தாலும் முதுகலைக்கு மறுபடி கேட்கலாம், ஆனால் ஈடில்லாத 7.5 லட்ச வரம்பு இரண்டையும் சேர்த்துத்தான். கிளையில் "கிடையாது" என்று வாய்மொழியாகச் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிராகரிப்புக்கு மேலதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். வங்கியில் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.