வாசகர் கேள்வி: காணாமல் போகும் ‘ன்’

பிரெஞ்சு வகுப்பில் ‘நல்ல’ என்பதற்கான ஆண்பால் சொல்லை ‘போன்’ என்கிறேன். “நீங்கள் சொல்வது பெண்பால்” என்கிறார் ஆசிரியர். எப்படித்தான் சொல்வது?
– வாசகி, புதுச்சேரி

ஆசிரியர் சொல்வது சரி. பெண்பாலில் நுனிநாக்கு மேலே போய் ஒட்டும். ஆண்பாலில் ஒட்டவே கூடாது. மூக்கொலி முழுக்க ஓகாரத்திலேயே கரைந்துவிடும். ‘போங்’ என்று முடிப்பதும் தப்பு, அப்போது பின்நாக்கு எழும்பிவிடுகிறது.

உண்மையில் இந்த வித்தை உங்களுக்குத் தெரியும். பேச்சுவாக்கில் ‘அவன் வந்தான்’ என்று சொல்லி, கடைசி ஒலியை மூன்று விநாடி நீட்டுங்கள். நாக்கு எங்கும் படாது. (எழுத்தைப் பார்த்து வாசித்தால் பட்டுவிடும், பார்க்காமல் சொல்லுங்கள்.) நீட்டும்போதே உதட்டைக் குவியுங்கள். அந்த ஒலிக்கு முன்னால், ‘தம்பி’யில் வரும் பகரத்தைச் சேர்த்தால் வேண்டிய சொல் ஏறக்குறைய வந்துவிடும்.

சரிபார்க்க, ஒலியை நீட்டிக்கொண்டே மூக்கைப் பிடித்து விடுங்கள். ஒலி மாறினால் சரி. மாறாவிட்டால் மெல்லண்ணம் (வாய்க்கூரையின் பின்பக்க மென்பகுதி) மூக்குவழியை அடைத்திருக்கிறது; நீங்கள் சொன்னது ‘அழகான’ என்ற பொருளுடைய ‘போ’.

இன்னொரு ஒற்றுமை: ‘வந்தானா?’ என்று கேட்டால் ‘ன்’ திரும்பி வருகிறதல்லவா? பிரெஞ்சிலும் அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் வரும். ‘நல்ல நண்பன்’ என்பது ‘போனாமி’.

இந்தியிலும் மூக்கொலி பொருளை மாற்றும்: ‘ஹை’ (இருக்கிறது) ஒருமை, அதையே மூக்கில் சொன்னால் பன்மை.

மூக்கொலியே இல்லாத மொழி உண்டா?
– வாசகர், திருநெல்வேலி

மிகச் சில. பப்புவா நியூகினியின் பூகன்வில் தீவில் பேசப்படும் ரோட்டோகாஸ் மொழியின் மத்திய வட்டார வழக்கில் ம, ன போன்றவை தனி ஒலிகளாக இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடலோரத்து மக்கா, குவிலியூட் மொழிகளிலும் அப்படியே. மக்காவின் உறவு மொழியான நூச்சாநுல்த்தில் ம, ன வரும் இடங்களில் மக்காவில் ‘தம்பி’யின் பகரமும் ‘பண்டம்’ சொல்லில் வரும் டகரத்தை ஒத்த ஒலியும் வரும்.

சளி பிடித்தவர் மூக்கால் பேசுகிறார் என்கிறோமே, சரியா?
– வாசகர், ஈரோடு

நேர்மாறு! மூக்கடைத்ததால் காற்று அங்கே போக முடிவதில்லை. மகரத்துக்கு உதடு மூடி, காற்று மூக்கு வழியே வெளியேற வேண்டும். வழி அடைபட்டால் மிஞ்சுவது ‘தம்பி’யின் பகரம்தான். அதனால்தான் அவர் ‘அம்மா’ என்று கூப்பிட்டால் ‘அப்பா’ மாதிரிக் கேட்கிறது. காற்று மிகுதியாக மூக்குக்குப் போய்ப் பேச்சு மாறுவது வேறு கோளாறு; மெல்லண்ணம் சரியாக மூடாதபோது, பிளவண்ணத்தோடு (வாய்க்கூரையில் பிளவோடு) பிறந்தவர்களிடம், அது காணப்படும்.