மஞ்சள்தூள் வேண்டாம், மக்காச்சோளம் போடுங்கள்

கேள்வி: நாற்பது நாட்டுக்கோழிகளைக் கொட்டிலில் வைத்து வளர்க்கிறேன். அரிசிக் குருணையும் கம்பும்தான் தீவனம். கறி வாங்க வருகிறவர்கள், "தோல் வெள்ளையா இருக்கே, பண்ணைக்கோழியா?" என்று விலையைக் குறைக்கிறார்கள். தீவனத்தில் மஞ்சள்தூள் கலக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. கலக்கலாமா?
- ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: வேண்டாம் சகோதரி, அது வீண் செலவு. கோழித்தோலை மஞ்சளாக்குவது லுட்டீன், ஸியாசாந்தின் என்ற நிறமிகள். சமையல் மஞ்சளில் இருப்பது வேறு. இந்த நிறமிகளைக் கோழியின் உடம்பு தானாக உண்டாக்காது, இரையிலிருந்துதான் வரவேண்டும். குருணையில் அது இல்லை, கம்பில் பெயருக்குத்தான் உண்டு.

குருணையில் பாதியைக் குறைத்து மஞ்சள் மக்காச்சோளம் உடைத்துப் போடுங்கள். வெள்ளைச் சோளம் உதவாது. பூஞ்சை பிடித்ததைத் தொடவே வேண்டாம். முருங்கைக்கீரையோ குதிரைமசாலோ கட்டாகக் கட்டிக் கோழியின் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள், கொத்தித் தின்னும். மூன்று நான்கு வாரத்தில் கால் செதிலில் மஞ்சள் ஏறுவது தெரியும்.

எல்லாக் கோழிக்கும் ஏறாது. சிலவற்றின் தோல், வந்த நிறமியைச் சிதைத்துவிடும். அது பிறவிக் குணம், என்ன போட்டாலும் வெள்ளைதான். மஞ்சளைத் தங்கவைக்கும் மரபணு, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழி வழியாக வீட்டுக்கோழிக்கு வந்தது என்று 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் காட்டுச் சொத்து என்பதில் எனக்குத் தனிப் பெருமை!

முட்டையிடும் கோழி வெளுப்பதும் இயல்பே. நிறமி முட்டையின் மஞ்சள் கருவுக்குப் போய்விடுகிறது. ஆசனவாய் முதலில் வெளுக்கும், பிறகு கண்ணோரம், அலகு, கடைசியில் கால். ஆனால் நல்ல தீவனம் தின்றும் இளங்குஞ்சு வெளுத்தால் எச்சத்தைப் பாருங்கள். ரத்தக்கழிச்சலில் குடல் புண்ணாகி நிறமி உடம்பில் சேராது. கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

வருகிறவர்களிடம் தைரியமாகச் சொல்லுங்கள்: மக்காச்சோளம் தின்றால் பிராய்லரும் மஞ்சளாகும். செண்டுமல்லிப் பூச்சாற்றைத் தீவனத்தில் சேர்க்கும் பண்ணைகளும் உண்டு. தோலின் நிறத்தை வைத்து நாட்டுக்கோழியை அடையாளம் காண முடியாது, கறியின் சத்தும் அதனால் கூடாது.

அப்புறம் ஒன்று. இறகு பிடுங்க எப்படிப்பட்ட தண்ணீரில் முக்குகிறீர்கள்? கொதிக்கக் கொதிக்க முக்கினால் இறகோடு மேல்தோலும் வழன்று வரும். மஞ்சள் இருப்பது அந்த மெல்லிய மேல்தோலில்தான். 50 முதல் 54 டிகிரிச் சூட்டில் முக்கி, கொஞ்சம் பொறுமையாகப் பிடுங்குங்கள்.