எல்லை கடந்தாலும் பாதுகாப்பு ஆணை செல்லுமா?

கேள்வி: முன்னாள் கணவர் என்னை நெருங்கவோ தொடர்புகொள்ளவோ கூடாது என்று ஜெர்மனியில் ஒரு குடும்ப நீதிமன்றம் ஆணையிட்டுள்ளது. இரண்டு மாதங்களில் ஆறு வயது மகனுடன் நெதர்லாந்துக்குக் குடிபெயர்கிறேன். அந்த ஆணை அங்கே செல்லுமா?

பதில்: செல்லும், ஆனால் ஆணையின் நகலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால் போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு இரண்டு வழிகள் 2015 ஜனவரி 11 முதல் நடைமுறையில் உள்ளன. ஆணை குற்றவியல் வழக்கில் பிறந்திருந்தால், 2011/99 எண்ணுள்ள சட்டத்தின்படி ‘ஐரோப்பியப் பாதுகாப்பு ஆணை’ கோர வேண்டும். உரிமையியல் வழக்கில் பிறந்திருந்தால், 606/2013 எண்ணுள்ள ஒழுங்குமுறையின்படி ஒரு சான்றிதழ் பெற வேண்டும். உங்களுடையது இரண்டாவது வகை. ஜெர்மனியில் இத்தகைய ஆணையை மீறுவது தண்டனைக்குரிய குற்றம் என்பதால் குழப்பம் வரலாம். ஆனால் ஆணையைத் தந்தது குடும்ப நீதிமன்றம் என்பதே இங்கே கணக்கு.

சான்றிதழை ஆணை பிறப்பித்த நீதிமன்றத்திடமே கேளுங்கள். கேட்காமல் அது தானாக வராது. எதிர்த்தரப்பை விசாரிக்காமல் பிறப்பிக்கப்பட்ட ஆணையாக இருந்தால், அதை எதிர்த்து முறையிடும் உரிமை அவருக்கு இருந்ததா என்றும் நீதிமன்றம் பார்க்கும். சான்றிதழ், ஆணையின் நகல், தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பு ஆகியவை இருந்தால், நெதர்லாந்தில் தனியே அங்கீகார வழக்கு எதுவும் தொடுக்காமலே அந்த ஆணையை நடைமுறைப்படுத்தக் கோரலாம். உங்கள் பழைய வீட்டையோ வேலையிடத்தையோ குறிப்பிட்டு விதித்த தடையை, புதிய இடத்துக்குப் பொருந்தும்படி அங்குள்ள அதிகாரிகள் மாற்றியமைக்கவும் முடியும்.

ஒரு நுணுக்கம்: மூல ஆணை எத்தனை ஆண்டுகளுக்கு உரியதாக இருந்தாலும், வேறு நாட்டில் அதன் பலன் சான்றிதழ் வழங்கப்பட்ட நாளிலிருந்து அதிகபட்சம் 12 மாதங்களே, மூல ஆணை அதற்கு முன்பே காலாவதியானால் பாதுகாப்பும் அன்றோடு முடியும். ஆகவே இன்றே வாங்கி வைப்பதைவிட, பயணத் தேதியை ஒட்டிக் கையில் கிடைக்குமாறு விண்ணப்பிப்பதே நல்லது என்பது என் கருத்து. அந்த 12 மாதங்களுக்குள் நெதர்லாந்து நீதிமன்றத்திலேயே புதிய ஆணை கோருவது பற்றி அங்குள்ள வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

முகவரி விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். சான்றிதழைப் பற்றி எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்பப்படும். உங்கள் இருப்பிடத்தை அதில் வெளியிடக்கூடாது என்பது பொதுவிதி. ஆனால் அறிவிப்புகளைப் பெறுவதற்கென்று சான்றிதழில் நீங்கள் தரும் முகவரி அவருக்குத் தெரியவரலாம் என்ற எச்சரிக்கை படிவத்திலேயே இருக்கும். அங்கே புதிய வீட்டின் முகவரியை எழுதாமல், வழக்கறிஞரின் முகவரியைத் தர முடியுமா என்று கேளுங்கள். (போகும் நாடு டென்மார்க்காக இருந்திருந்தால் இந்த இரண்டு வழிகளும் பயன்படா, அந்நாடு இரண்டிலும் சேரவில்லை.)

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பாதுகாப்பு ஆணை, மகனை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்வதற்கான அனுமதி ஆகாது. தந்தைக்கும் பராமரிப்பு உரிமை இருந்து, அவர் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் நீங்கள் குடிபெயர்ந்தால், நாடு கடந்த குழந்தைக் கடத்தல் பற்றிய 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையின் கீழ் குழந்தையைத் திருப்பி அனுப்பக் கோரி அவர் வழக்குத் தொடரலாம். திருப்பி அனுப்பினால் குழந்தைக்குக் கடும் ஆபத்து உண்டு என்று அந்த வழக்கில் வாதிட இடமிருந்தாலும், அதை நம்பிப் புறப்படுவது சரியல்ல. சம்மதத்தை வழக்கறிஞர் வழியாக எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் ஜெர்மனியிலேயே குடும்ப நீதிமன்றத்தை அணுகுங்கள். இதனால் நீங்கள் போகும் நாடு எதுவென்று அவருக்குத் தெரியவரக்கூடும். வீட்டு முகவரியை மறைத்து வைக்குமாறு அந்த மனுவிலேயே கோருங்கள்.