நாற்பதாயிரம் போன இரவு

கேள்வி: எனக்கு வயது 27. மூன்று வாரமாக ‘டார்க் சோல்ஸ்’ என்ற வீடியோ கேம் விளையாடுகிறேன். அதில் வரும் சென்ஸ் கோட்டையில், ஊசலாடும் கத்தி ஒன்று தள்ளிவிட்டதில் கீழே சேற்றில் விழுந்து, அங்கே நின்ற பூதத்தின் கையால் செத்தேன். சேர்த்துவைத்திருந்த 40,000 சோல்ஸும் (லெவலை, அதாவது நம் வீரனின் பலத்தை, ஏற்றச் செலவழிக்கும் புள்ளிகள்) அங்கேயே கிடந்தன. எடுக்க ஓடியபோது முதல் பாலத்திலேயே மறுபடி செத்தேன். எல்லாம் போய்விட்டது. “மறுபடியும் தோற்றுவிட்டாயா, அக்கா?” என்று கேட்ட தம்பியிடம் கத்திவிட்டேன். பிறகு அழுதேன். வேலைக்குப் போகிறவள் ஒரு விளையாட்டுக்காக அழுவது வெட்கக்கேடு இல்லையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வெட்கம் எதற்கு? திரையில் இருந்தது வெறும் எண்தான். ஆனால் அதைச் சேர்க்க நீங்கள் கொடுத்த மாலை நேரங்கள் வெறும் எண் இல்லையே. வீட்டில் யாராவது “விளையாட்டுதானே, விடு” என்று சொல்லியிருப்பார்கள். அது ஆறுதல் மாதிரி ஒலிக்கும், உண்மையில் வாயை அடைக்கும். அழுததோடு, அழுததற்காக வெட்கமும் பட வேண்டியதாகிவிடுகிறது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் சாவைப் பற்றி நீங்கள் நிதானமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். எழுத்து கலங்குவது இரண்டாவதில். காரணம் இருக்கிறது. இந்த விளையாட்டில் செத்தால் சோல்ஸ் செத்த இடத்திலேயே காத்திருக்கும். போய்த் தொட்டால் திரும்பக் கிடைக்கும். அதற்குள் இன்னொரு முறை செத்தால் அடியோடு போய்விடும். அதாவது, பறித்துக்கொண்டதை எடுத்தவுடன் தின்றுவிடாமல், “வந்து வாங்கிக்கொள்” என்று கண்ணில் காட்டுகிறார்கள். அந்த நம்பிக்கைதான் நம்மை ஓட வைக்கிறது. பத்து முறை பொறுமையாகக் கடந்த பாலத்தில், கத்தி போய் வரும் கணக்கைப் பார்க்காமல் கால் வைத்திருப்பீர்கள். நானும் வைத்திருக்கிறேன். கேட்டால் பூதம் கொன்றது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்!

‘செலஸ்ட்’ என்று 2018இல் வந்த ஒரு விளையாட்டு. மலை ஏற வேண்டும். அதிலும் நூற்றுக்கணக்கில் சாவீர்கள், ஆனால் அடுத்த நொடியே அதே திரையின் தொடக்கத்தில் நிற்பீர்கள். எரிச்சல் வரும், அழுகை அவ்வளவாக வராது. ஆக, உங்களை அழ வைத்தது தோல்வி இல்லை, கையில் இருந்தது போனது. கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் எழுதியதும் இதைத்தான்: ஒன்று கிடைக்கும் மகிழ்ச்சியைவிட, அதே அளவு இழக்கும் வலி மனத்தில் கனமாக இறங்கும். அந்த 40,000 வந்து சேர்ந்தபோது நீங்கள் துள்ளிக் குதித்தீர்களா? இல்லை அல்லவா?

இனி, போகாதது என்ன என்று பாருங்கள். ஏற்கெனவே ஏற்றிய லெவல், வாள், கவசம் எதையும் சாவு தொடவில்லை. எந்தக் கத்தி எப்போது வரும் என்பதும் உங்கள் விரலுக்குத் தெரியும். ஆனால் இதை அன்று இரவே யாராவது சொல்லியிருந்தால் அவரிடமும் கத்தியிருப்பீர்கள். அதனால்தான் சில நாள் கழித்துப் பதில் எழுதும் எனக்கு இது வசதி.

தம்பி விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. அவன் கேலி செய்யவில்லை என்றே நினைக்கிறேன். உங்கள் அவமானத்தை நேரில் பார்த்துவிட்டான், அவ்வளவுதான். போய் “கத்தியது என் தப்பு” என்று சொல்லுங்கள். பூதம், பாலம், நாற்பதாயிரம் எல்லாம் அந்தப் பேச்சில் வேண்டாம். காரணம் நீளமானால் மன்னிப்பு வாதமாகிவிடும்.

தூக்கமும் வேலையும் தொடர்ந்து கெட்டால், வேறு எங்கோ உழைப்புக்குப் பலன் தெரியாமல் இருக்கிறதா என்று யோசியுங்கள். ஒரே ஓர் இரவு என்றால் அதைப் பெரிதாக்க வேண்டாம். ஆனால் சேர்த்ததை இழந்த அந்த நேரத்தில் மறுபடி உட்காராதீர்கள். அந்த மணிக்கு விளையாடுவது நீங்கள் இல்லை, உங்கள் கோபம்.

மறுபடி போகும்போது, கோட்டைக்குள் நுழையும் முன் பக்கத்திலேயே இருக்கும் கொல்லனுக்கு அருகில் உள்ள தீமூட்டத்தின் (செத்தால் மறுபடி எழும் இடம்) பக்கத்தில் அமர்ந்து, கையில் இருப்பதை லெவலுக்குச் செலவழித்துவிடுங்கள். வெறும் கையோடு செத்தால் அவ்வளவாக வலிக்காது. இன்னொன்று: மேல்தளத்தில் ராட்சதன் நெருப்புக் குண்டு வீசும் பகுதியில், விளிம்புச் சுவர் ஓரிடத்தில் உடைந்திருக்கும். அங்கிருந்து கீழே எட்டிப் பாருங்கள், அதே போன்ற ஒரு தீமூட்டம் ஒளிந்திருக்கிறது. பலர் அதைக் காணாமலேயே கடந்துபோகிறார்கள். தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தேடுங்கள். முதலில் அவன்தான் கண்டுபிடிப்பான் என்று நினைக்கிறேன்.