ஓபன் மைக்கில் வாசித்தால் கவிதை கைவிட்டுப் போகுமா?

கேள்வி: தமிழில் கவிதை எழுதுகிறேன். சென்னையில் ஒரு கஃபேயில் நடக்கும் ஓபன் மைக்கில் வாசிக்க அழைத்திருக்கிறார்கள். 4 நிமிடம் தருவார்கள். பதிவுக் கட்டணம் 499 ரூபாய், ஒரு காபியும் சேர்த்து. நிரப்பச் சொன்ன கூகுள் படிவத்தில், ‘வாசிக்கப்படும் படைப்பின் அனைத்து உரிமைகளும் அமைப்பாளரைச் சேரும்’ என்று ஒரு வரி இருக்கிறது. தேர்வானால் தொகுப்பு நூலிலும் போடுவார்களாம், 2 பக்கத்துக்கு 1,500 ரூபாய். முன்கூட்டியே காப்பிரைட் பதிய வேண்டுமா? வாசித்த கவிதையைப் பிறகு பத்திரிகைக்கு அனுப்பலாமா?
– வேளச்சேரி வாசகி

பதில்: மேடையில் வாசிப்பதால் கவிதை யாருக்கும் போய்விடாது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி முடித்த கணமே நீங்கள்தான் அதன் உரிமையாளர். உங்கள் ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகும் 60 ஆண்டுகள் அந்த உரிமை நிற்கும். பதிவு செய்தால்தான் உரிமை என்பது ஏஜென்ட்டுகள் கிளப்பிவிட்ட கதை. பதிவு என்பது ஒரு சான்று, அவ்வளவுதான். இலக்கியப் படைப்பு ஒன்றுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். ‘எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், 5,000 கொடுங்கள்’ என்பவர்கள் செய்வதும் அதே படிவத்தை நிரப்புவதைத்தான். ஆட்சேபம் வருகிறதா என்று பார்க்கவே 30 நாள் கட்டாயக் காத்திருப்பு. அதன் பிறகு பரிசீலனை என்ற பெயரில் கோப்பு எத்தனை மாதம் தூங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் ஓபன் மைக் மேடைக்கு அது உதவாது. கவிதையை உங்கள் மின்னஞ்சலுக்கே ஒருமுறை அனுப்பி வையுங்கள். எந்தத் தேதியில் உங்களிடம் இருந்தது என்று காட்ட அது போதும்.

பயப்பட வேண்டியது அந்தப் படிவத்தைப் பார்த்து. பதிப்புரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் அது எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எத்தனை காலம், எவ்வளவு பணம் என்று சொல்ல வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. கூகுள் படிவத்தில் அடித்த டிக் கையெழுத்தாகுமா என்று வக்கீல்கள் இரண்டு பக்கமும் நாள்கணக்கில் வாதாடலாம். அதைக் கேட்க நீங்கள் கோர்ட்டுப் படி ஏற வேண்டாம். டிக் அடிக்கும் முன் அமைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்:

‘இன்ன தேதி நிகழ்ச்சியில் நான் வாசிக்கும் இன்ன தலைப்புள்ள கவிதையின் பதிப்புரிமை என்னிடமே இருக்கும். காணொளியை உங்கள் யூடியூப், இன்ஸ்டாகிராம் பக்கங்களில் மட்டும், என் பெயருடன், 1 வருடம் வைத்துக்கொள்ளலாம். நூலுக்கோ விளம்பரத்துக்கோ பயன்படுத்த என்னிடம் தனியாக எழுத்தில் அனுமதி பெற வேண்டும்.’

‘சரி’ என்று பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். நல்ல அமைப்பாளர்கள் பலர் எங்கிருந்தோ எடுத்த படிவத்தை அப்படியே ஒட்டியிருப்பார்கள், சொன்னால் திருத்திவிடுவார்கள். ‘எல்லோரும் இதைத்தான் ஒப்புக்கொள்கிறார்கள்’ என்று மழுப்பினால் அந்த 499 ரூபாய்க்கு நாலு கவிதைத் தொகுப்பு வாங்கிப் படிக்கலாம். காணொளி எடுப்பதற்கும் உங்கள் சம்மதம் தேவை. நிகழ்த்துபவருக்கென்று சட்டத்தில் தனி உரிமையே உண்டு. படம் பிடிக்க வேண்டாம் என்று மேடையேறும் முன் சொல்ல உங்களுக்குக் கூச்சம் தேவையில்லை.

பத்திரிகை விஷயம் வேறு. இங்கே சட்டம் பிரச்சினையில்லை, பத்திரிகை வழக்கம்தான் பிரச்சினை. ‘வேறெங்கும் வெளிவராதது’ என்ற உறுதிமொழியைப் பெரும்பாலான இதழ்களும் போட்டிகளும் கேட்கின்றன. முப்பது பேர் முன் வாய்மொழியாக வாசித்ததை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதே வாசிப்பு யூடியூபில் ஏறிவிட்டால், வெளிவந்ததாகவே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே ஏற்கெனவே அச்சான கவிதையை மேடைக்கு வையுங்கள். அனுப்பப்போகும் கவிதையை வீட்டிலேயே வையுங்கள். அச்சானது எதுவும் கையில் இல்லையென்றால், இதழுக்கு அனுப்பும் எண்ணமில்லாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது அந்த 1,500 ரூபாய். ‘தேர்வானால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பணம் கட்டிய யாராவது தேர்வாகாமல் போயிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். கணக்கு இதுதான்: 60 பேர், தலைக்கு 1,500, மொத்தம் 90,000. ஆளுக்கு 2 பக்கம் என்றால் முன்னுரை, பொருளடக்கம் சேர்த்து ஏறக்குறைய 130 பக்கம். கறுப்பு வெள்ளையில் தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் ஒரு பிரதி 100 ரூபாய்க்கு முன்பின் ஆகும். ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தாலும் அச்சுச் செலவு 6,000, 7,000 ரூபாய். அட்டைக்கும் வடிவமைப்புக்கும் இன்னொரு 10,000 போட்டாலும் மிச்சம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். புத்தகத்தைக் கடைக்கு அனுப்பி விற்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. எழுதியவர்களே வாசகர்கள், அவர்களே வாடிக்கையாளர்கள். கூடுதல் பிரதி கேட்டாலும் உங்களிடமே விற்பார்கள்.

‘ஐஎஸ்பிஎன் எண்ணுடன்’ என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் அந்தச் சர்வதேச எண் இந்தியாவில் இலவசம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கொடுக்கிறது. சொந்தமாக நூல் வெளியிடும் எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம். அது ஓர் அடையாள எண், தர முத்திரை கிடையாது. ‘உலக சாதனை’, ‘சிறந்த இணை ஆசிரியர் சான்றிதழ்’ எல்லாம் அச்சகத்தில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் காகிதம். உண்மையான பதிப்பாளரா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியிட்ட நூலின் பிரதியை 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் நம் எழும்பூர் கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் அனுப்ப வேண்டும். ‘உங்கள் முந்தைய தொகுப்பு கன்னிமாராவில் இருக்கிறதா?’ என்று கேளுங்கள். பல நல்ல பதிப்பகங்களே இதைச் சரியாகச் செய்வதில்லை, அரசும் கண்டுகொள்வதில்லை. ஆனால் கேள்வியே புரியாமல் விழிப்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

தொகுப்பு ஒப்பந்தத்தில் ‘பிரத்தியேக உரிமை’ என்று மட்டும் போட்டு, காலத்தைக் குறிப்பிடாமல் விட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் முதல் தொகுப்பு வரும்போது உங்கள் கவிதையை நீங்களே போட முடியாமல் நிற்பீர்கள். ‘பிரத்தியேகமற்ற, ஒருமுறை அச்சுக்கு மட்டும்’ என்று எழுதி வாங்குங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் உங்கள் சொந்த வரிகளுக்கு. பிறர் எழுதியதை வாசித்தால் நிலைமை மாறும், இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். வெளிவந்த நூலிலிருந்து நியாயமான அளவு பகுதியைப் பொதுவில் வாசிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ‘நியாயமான அளவு’ எத்தனை வரி என்று சட்டம் சொல்லவில்லை. இந்த நாட்டில் எதைத்தான் தெளிவாகச் சொல்கிறார்கள்! முழுக் கவிதையையும் வாசித்து அதைக் காணொளியாகவும் ஏற்றினால் அந்தச் சலுகையை நம்பியிருக்க முடியாது. பாரதியார் எழுத்துகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1949இலேயே சென்னை மாகாண அரசு உரிமையை வாங்கிவிட்டது. நாட்டுடைமையான மற்ற எழுத்தாளர்களின் நூல்களும் அப்படியே. ஆனால் பாரதியின் வரிதான் பொது, அதற்குச் சினிமாவில் போட்ட மெட்டு பொது இல்லை. அந்த மெட்டில் பாடினால் இசையமைப்பாளரின் உரிமை குறுக்கே வரும். படத்தின் ஒலிப்பதிவையே பின்னணியில் ஓடவிட்டால் அதற்குத் தனி உரிமையாளர் இருப்பார், யூடியூபும் தானாகவே கண்டுபிடித்துவிடும். நாட்டுடைமை நூலுக்கு இன்று ஒருவர் செய்த மொழிபெயர்ப்பும் அவருடையதே. பாரதியை வாசிப்பதென்றால் வெறும் குரலில் வாசியுங்கள்.

499 ரூபாய் கொடுக்கலாமா என்றால், இடம், ஒலி அமைப்பு, காபி என்று கணக்குக் காட்டினால் கொடுக்கலாம். ‘5 நண்பர்களுக்கு டிக்கெட் விற்றால்தான் மேடை’ என்றால் வேண்டாம். பழக்கத்துக்காக என்றால், புத்தகக் கடைகளிலும் நூலக அரங்குகளிலும் நடக்கும் தமிழ்க் கூட்டங்களுக்கு நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் கிடையாது. 4 நிமிடம் என்றால் 300 சொல்லுக்கு மேல் எடுத்துப் போகாதீர்கள். வேகத்தைக் கூட்டி முடிக்கப் பார்த்தால் கடைசி வரி கைதட்டலில் காணாமல் போகும். மைக்கிலிருந்து நாலு விரல் தள்ளி நில்லுங்கள்.

பணத்தைத் தனி நபரின் எண்ணுக்கு ஜிபே செய்யச் சொன்னால், அமைப்பின் பெயரில் ரசீது கேளுங்கள். நிகழ்ச்சி ரத்தாகிப் பணம் திரும்பாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை. வாய்தா மட்டும் தாராளமாகக் கிடைக்கும், ஆகவே ரசீதையும் அந்த மின்னஞ்சலையும் அழித்துவிடாதீர்கள்.