பழைய பிக்கப்புக்குப் பட்டை ஏற்றலாமா?

கேள்வி: 2013 மாடல் பொலிரோ பிக்கப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். புகை விதிப்படி பிஎஸ் 3, பழைய வகை டீசல் பம்ப் இன்ஜின், 2.4 லட்சம் கிலோமீட்டர் ஓடியது. பாச்சலூர், தாண்டிக்குடி பக்கமிருந்து காய்கறி இறக்குகிறேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்கும் லோடு அடிக்கிறேன். பின்னால் லீஃப் ஸ்பிரிங்கில் பக்கத்துக்கு இரண்டு பட்டை, முன்னால் கிராஷ் கார்டு, கேபின் மேல் கேரியர், பக்கப்பலகை உயர்த்துவது, பெரிய டயர், பம்ப் செட்டிங் எல்லாம் சேர்த்துப் பட்டறையில் 70 ஆயிரம் கேட்கிறார்கள். எதை முதலில் செய்வது? பட்டை ஏற்றிவிட்டால் ஆர்சியில் டன்னைக் கூட்டித் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நீங்கள் எழுதிய ஆறில் எதுவுமே முதல் வேலை அல்ல. அதற்கு முன் அந்தப் புரோக்கர் விஷயத்தை முடித்துவிடுவோம்.

ஆர்சியில் மொத்த எடை என்று இருக்கும் எண் பட்டையை எண்ணிப் போட்டது அல்ல. சேசிஸ், ஆக்சில், பிரேக், டயர் எல்லாம் சேர்ந்து எவ்வளவு தாங்கும் என்று கம்பெனி சோதித்து, அந்த மாடலுக்கு அனுமதி வாங்கும்போது பதிந்தது. பட்டை கூடினால் அந்த எண் கூடாது. கூட்டித் தருகிறேன் என்பவர் ஒன்று பணத்தை வாங்கிக்கொண்டு இழுத்தடிப்பார், அல்லது செக்போஸ்ட்டில் கணினியில் தட்டிப் பார்த்தால் பொய்யாகிவிடும் ஒரு அட்டையைக் கையில் கொடுப்பார். இதே ஆட்கள்தான் 'பர்மிட் எடுத்துத் தருகிறேன்' என்றும் வருவார்கள். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவே பர்மிட்டிலிருந்து விலக்கு தருகிறது. தேவையில்லாத காகிதத்துக்குக் காசு கொடுத்துவிட்டு 'வேலை முடிந்தது' என்று நிம்மதியாகப் போகிறவர்கள் ஏராளம். உங்கள் ஆர்சியில் மொத்த எடை என்ன என்று இன்றே பாருங்கள்.

அதே ஆர்சியில் வெறும் வண்டி எடையும் இருக்கும். மொத்தத்தில் அதைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றலாம் என்று சட்டம் சொல்லும் லோடு. ஒரு பேச்சுக்கு மொத்தம் 2,950, வெறும் எடை 1,700 என்று வைத்துக்கொள்வோம். லோடு 1,250 கிலோ. இப்போது கிராஷ் கார்டு ஒரு 40 கிலோ, கேரியர் 35, நான்கு பட்டை 25, இரும்பு ஆங்கிள் வைத்து உயர்த்திய பக்கப்பலகை 80 என்று போட்டால் 180 கிலோ ஆகிறது. எடைப் பாலத்தில் வண்டியை நிறுத்தும்போது இந்த 180-ம் லோடாகத்தான் நிற்கும். 15 கிலோ தக்காளிப் பெட்டி என்றால் 12 பெட்டி. லோடு கூட ஏற்றுவதற்காகச் செய்த வேலை, ஒவ்வொரு நடையிலும் 12 பெட்டியைத் தின்றுவிடுகிறது. மொத்த எடையைத் தாண்டினால் 194-வது பிரிவில் அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது, கூடுதல் டன்னுக்கு 2,000 தனி. அதிகப்படியை இறக்கி வைக்கும் செலவும் உங்களுடையதே.

இனி பட்டை. பட்டை கூட்டினால் பின்பக்கம் தூக்கலாக நிற்கும், லோடு ஏற்றினாலும் அமுங்காது. பார்ப்பதற்கு வண்டி பலமாகிவிட்டது போலத் தெரியும். ஆனால் பல பிக்கப்புகளில் சேசிஸில் ஒரு பிரேக் வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ பின் ஆக்சிலுக்குப் போகும். பட்டறைகளில் எல்எஸ்பிவி என்பார்கள். லோடு ஏறி பின்பக்கம் அமுங்கினால் சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் இடைவெளி குறையும். அதை வைத்துத்தான் 'லோடு இருக்கிறது' என்று அந்த வால்வு தெரிந்துகொண்டு பின் பிரேக்குக்கு முழு அழுத்தத்தை விடும். வண்டி காலியாக இருந்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடக் கூடாது என்று அழுத்தத்தைக் குறைக்கும். பட்டை ஏற்றித் தூக்கிய வண்டியில் ஒரு டன் ஏற்றினாலும் இடைவெளி அவ்வளவாகக் குறையாது. காலி வண்டி என்றே வால்வு நினைத்துக்கொள்ளும், பின் பிரேக் பாதிகூட வேலை செய்யாது. முழு லோடுடன் தாண்டிக்குடியிலிருந்து இறங்கும்போது வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் முன்னால் இருக்கும் இரண்டு டிஸ்க்தான். பேட் கருகும், பிரேக் ஆயில் கொதிக்கும், பெடல் தரையைத் தொடும். அப்புறம் 'பிரேக் பிடிக்கவில்லை' என்பார்கள்.

சில பட்டறைகளில் இதற்கு மருந்தாக அந்த வால்வுக் கம்பியை ஒயர் போட்டு இழுத்துக் கட்டிவிடுவார்கள். அப்போது லோடில் பிரேக் பிடிக்கும். ஆனால் மழையில் காலியாக வரும்போது பின் சக்கரம் பூட்டி வண்டி குறுக்கே திரும்பும். உங்கள் வண்டியில் முந்தைய ஓனர் இப்படிக் கட்டியிருக்கிறாரா என்று கீழே படுத்துப் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் பிக்கப்பில் முதலில் பார்க்க வேண்டியது இது.

பட்டையைத் தொடவே கூடாதா? ஒரே ஒரு இடத்தில் தொடலாம், தொடத்தான் வேண்டும். கம்பெனி போட்ட பட்டையில் ஒன்று உடைந்திருந்தாலோ, முன்னவர் கழற்றியிருந்தாலோ, மொத்த செட்டும் தளர்ந்து படுத்திருந்தாலோ அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது மாற்றம் ஆகாது. அது ரிப்பேர். எப்படிக் கண்டுபிடிப்பது? காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். பின் சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே பாடியின் அடிவிளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். 15, 20 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தாழ்ந்த பக்கத்துப் பட்டை தளர்ந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. பட்டை எத்தனை என்று எண்ணி, உங்கள் சேசிஸ் எண்ணைச் சொல்லி கம்பெனி ஸ்பேர்ஸ் கவுன்டரில் அந்த மாடலுக்கு எத்தனை என்று கேளுங்கள். குறைந்தால் குறைந்த அளவுக்கு மட்டும் போடுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்தே செய்யுங்கள். உலையில் காய்ச்சிப் பட்டையை வளைத்துத் தரும் வேலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். காய்ச்சினால் எஃகின் பதம் போய்விடும், சில மாதத்தில் மறுபடியும் படுக்கும் அல்லது விரிசல் விடும். சென்டர் போல்ட், யூ போல்ட், நட் எல்லாம் புதிது. யூ போல்ட் ஒரு முறை இறுக்கி இழுபட்டதும் அதன் பிடி போய்விடும், பழையதையே போட்டால் ஆக்சில் நகரும். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை லோடுடன் நிறுத்தி மறுபடியும் இறுக்கச் சொல்லுங்கள். பட்டை முனையில் இருக்கும் ஷேக்கிள் புஷ்ஷையும் அப்போதே மாற்றிவிடுங்கள். கடைசியாக எல்எஸ்பிவி கம்பியின் நீளத்தைச் சரிபார்க்க வேண்டும். பட்டை வேலை செய்பவர் பிரேக் வேலை செய்யமாட்டார், பிரேக் மெக்கானிக்கிடம் இதைச் சொல்ல ஆள் இருக்காது. நீங்கள்தான் இரண்டு பேரையும் ஒரே நாளில் பிடிக்க வேண்டும்.

70 ஆயிரத்தில் முதல் பங்கு பிரேக்குக்கும் இன்ஜின் சூட்டை ஆற்றும் வேலைக்கும் போகட்டும். இன்ஜினை நிறுத்தி பெடலை நான்கைந்து முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பிரேக்குக்கு உதவும் வேக்கம் வரவில்லை. வேக்கம் பம்ப்பையும் ஹோஸையும் பூஸ்டரையும் பாருங்கள். பின் டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டர் கசிகிறதா, ஹப் சீல் கசிந்து லைனிங்கில் எண்ணெய் ஊறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மாட்டுவது ஏமாற்று வேலை, மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கொதிக்கும். மலையில் இறங்கும் வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை முழுதாக மாற்ற வேண்டும்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருப்பார்கள். உப்புப் படிந்து டியூப் அடைத்திருக்கும். கழற்றி ராடு போட்டுக் குத்திச் சுத்தம் செய்து, கூலன்ட்டும் சுத்திகரித்த தண்ணீரும் சரிபாதி ஊற்றுங்கள். இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். 'நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு' என்று கழற்றித் தூக்கிப் போடுவது நம் பட்டறைகளின் தீராத பழக்கம். அது இல்லாத இன்ஜின் சூடாக வேண்டிய அளவுக்குச் சூடாகாது, டீசலைக் குடிக்கும், சிலிண்டர் தேயும். சில இன்ஜின்களில் பைபாஸ் வழி திறந்தே கிடந்து, எதற்காகக் கழற்றினார்களோ அந்தச் சூடே கூடும்.

இவை முடிந்தபின் கூடுதலாக ஒன்று மாட்ட ஆசை என்றால் டேங்குக்கும் டீசல் ஃபில்டருக்கும் நடுவே தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் ஒன்றை மாட்டுங்கள். டீசலுக்கு உரிய ஹோஸ், நல்ல கிளிப், கை எட்டும் இடம். அது உறிஞ்சும் பக்கம், அதனால் சின்ன காற்றுக் கசிவு இருந்தாலும் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும். வாரம் ஒரு முறை கிண்ணத்தின் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் காற்று ஹோஸில் வெடிப்பு இருந்தால் அதை டேப் சுற்றி ஓட்டாதீர்கள். அந்த வழியாகப் போகும் மண் முதலில் டர்போவையும் அப்புறம் பிஸ்டனையும் அரைக்கும்.

பம்ப் செட்டிங் வேண்டாம். டீசல் பம்ப்பின் ஸ்க்ரூவைத் திருகினால் டீசல் கூடும், காற்று கூடாது. எரியாத டீசல் கரும்புகையாக வெளியே போகும், எரிந்தது புகைபோக்கிப் பக்கச் சூட்டை ஏற்றும். ஏற்றத்தில் இழுவை தெரியும், 2.4 லட்சம் ஓடிய டர்போவும் வால்வும் அதற்கு விலை கொடுக்கும். உங்கள் வண்டிக்குப் புகைச் சான்றில் புகையின் கருமையை அளக்கும் கணக்கில் 65 ஹார்ட்ரிட்ஜ் அலகுதான் எல்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டும். திருகிய பம்ப் அதில் நிற்காது. நிற்க வைக்கிறேன் என்று குழாயை முனையில் மட்டும் சொருகிக் காகிதம் அடித்துத் தருபவர் இருக்கத்தான் செய்கிறார். புகையில் ஒரு பங்கை மறுபடியும் இன்ஜினுக்குள் திருப்பும் ஈஜிஆரை அடைப்பதும் இதே கணக்கு. கழற்றிக் கரியைச் சுரண்டி மாட்டுங்கள், போதும்.

பெரிய டயர் பற்றி ஒன்று மட்டும். டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின் வரும் எண் சுமை எண். 100 என்றால் 800 கிலோ, 106 என்றால் 950. எஸ்யூவி டயரை மலிவாகக் கிடைக்கிறது என்று பின்னால் மாட்டினால் இரண்டும் சேர்ந்து 1,600 கிலோதான் தாங்கும், லோடு ஏறிய பின் ஆக்சிலின் எடை அதைத் தாண்டிவிடும். கம்பெனி எண்ணுக்குக் குறையாதீர்கள், அளவையும் மாற்றாதீர்கள். 215/75 இருந்த இடத்தில் 235/75 போட்டால் சுற்றளவு நூற்றுக்கு நான்கு கூடும், இழுவை அவ்வளவு குறையும்.

கிராஷ் கார்டை விட்டுவிடுங்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதை அனுமதிக்க வேண்டாம் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. 182ஏ பிரிவில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. பொள்ளாச்சி தாண்டினால் கேரளத்தில் இதை விடமாட்டார்கள்.

நம் பக்கம் எஃப்சி என்னும் தகுதிச் சான்று எடுக்கப் போனால் நிலைமை வேறு. எட்டு வருஷம் தாண்டிய வண்டி, ஆண்டுதோறும் போக வேண்டும். அங்கே ஒளிரும் டேப் எந்தக் கம்பெனி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குச் சான்று எங்கே என்று கேட்பதில் காட்டும் அக்கறையில் கால்வாசி பின் டிரம்மைப் பார்ப்பதில் இருந்தால் மலைப்பாதையில் பல வண்டிகள் பள்ளத்துக்குப் போகாது. டேப்பும் கருவியும் விதிப்படி தேவைதான். வாசலில் நிற்பவரிடம் வாங்காமல் பில்லுடன் கடையில் வாங்குங்கள். போன வருஷ டேப் நன்றாக இருக்கும்போது புதிதாக ஒட்டச் சொன்னால் காரணத்தை எழுதிக் கேளுங்கள்.

பக்கப்பலகையை உயர்த்தியே ஆக வேண்டும் என்றால் 52-வது பிரிவின்படி வேலைக்கு முன் ஆர்டிஓ அனுமதி, கடன் இருந்தால் ஃபைனான்ஸின் கடிதம், வேலை முடிந்த 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்சியில் பதிவு. வெறும் எடை மாறியிருக்கும், எடைச் சீட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

பாக்கிப் பணத்தில் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் வரும்படி ஹெட்லைட்டுக்கு ரிலே போடுங்கள். பழைய ஒயரிங்கில் பல்புக்கு வந்து சேரும் வோல்ட் குறையும். வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று என இரண்டு ரிலே, 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், ஒவ்வொன்றுக்கும் பேட்டரி அருகிலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ். பேட்டரியிலிருந்து வருவது ரிலேயில் எண் போட்டிருக்கும் முனைகளில் 30-ல், பல்புக்குப் போவது 87-ல், பழைய ஹெட்லைட் ஒயர் 86-ல், எர்த் 85-ல். சில வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும், டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துவிட்டு இணைக்கச் சொல்லுங்கள். பல்பு 60/55 வாட்டே இருக்கட்டும், 100 வாட் போட்டால் ஹோல்டர் உருகும். ரிஃப்ளெக்டர் மங்கியிருந்தால் ரிலே போட்டும் பயனில்லை, ஹெட்லைட்டையே மாற்றிவிடுங்கள்.