மணி எந்தக் கைப்பக்கம் இருக்கிறது?

கேள்வி: என் அம்மாவுக்கு 81 வயது. பக்கவாதம் வந்து இடக்கையும் இடக்காலும் விழுந்துவிட்டன. எட்டு மாதமாகத் தாதிமை இல்லத்தில் (நர்சிங் ஹோம்) இருக்கிறார். பகலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரவில்தான், மணி அடித்தால் அரை மணி நேரமானாலும் யாரும் வருவதில்லை என்கிறார். போன வாரம் இடுப்புக்குக் கீழே தொட்டாலே வலிக்கிறது என்று அழுதார். வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்த்தாலும் பாவமாக இருக்கிறது, ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். புகார் சொன்னால் அந்தக் கோபம் அம்மா மேல் திரும்புமோ என்று பயம். இங்கிலாந்தில் இருக்கும் அண்ணனோ, "இங்கே கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம், நடத்தும் இல்லங்களில் சட்டம் கறார். இத்தனை பேருக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. நீ அம்மாவைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டாய்" என்கிறார். நான் என்ன செய்வது?
— பெயர் வேண்டாம், யீஷூன், சிங்கப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அண்ணனை அப்புறம் கவனிப்போம். முதலில் அந்த வலி. இந்த இதழ் உங்கள் கைக்கு வந்த அன்றே போய்ப் பாருங்கள். தாதி ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகெலும்பு முடிகிற இடம், இடுப்பெலும்பின் பக்கவாட்டு, இரண்டு குதிகால் என்று நான்கு இடமும் பாருங்கள். படுக்கைப் புண் தோல் கிழிந்த பிறகு தொடங்குவதில்லை, அதற்கு முன்பே தொடங்கிவிடும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் அதுதான் முதல் படி. ஆனால் நம் நிறத் தோலில் இந்தச் சிவப்பு லேசில் கண்ணுக்குத் தெரியாது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழப்பாகவோ இருந்தால், நிறம் மாறாவிட்டாலும் தாதியிடம் காட்டி, மருத்துவர் பார்க்கவேண்டும் என்று சொல்லுங்கள். தானாகப் புரள முடியாதவரை எத்தனை மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்கிறார்கள் என்பதற்குப் பதிவுத்தாள் இருக்கும். வழக்கமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்பார்கள், ஆளைப் பொறுத்தும் மெத்தையைப் பொறுத்தும் மாறும். அந்தத் தாளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு என்று எல்லாம் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தால் வாய் திறக்காமல் மனத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மணி. அம்மாவுக்கு விழுந்தது இடப்பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். மணியின் கம்பி கட்டிலின் எந்தப் பக்கம் செருகியிருக்கிறது? என் அப்பா கடைசி ஒன்றரை வருடம் ஓர் இல்லத்தில் இருந்தார். அவருக்கு வலக்கை வராது. நான்கு மாதம் மணி வலப்பக்கக் கம்பியில்தான் தொங்கியது, சுவரில் இணைப்பு அந்தப் பக்கம் என்பதால். அப்பா அடிக்கவே இல்லை, அடிக்க முடியவில்லை. தினமும் போய்வந்த எனக்கே அது தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். உங்கள் அம்மா அடித்துத்தான் வருவதில்லையா, அல்லது அடித்ததாக நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறாரா? இதைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற எதையும் பேசவேண்டும்.

மொழியும் இருக்கிறது. இரவு வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் மியன்மார், பிலிப்பீன்ஸ், இந்தியா, இலங்கை என்று வெளியிலிருந்து வந்தவர்கள். வார்டில் தமிழ் தெரிந்தவர் அன்றைக்கு இருந்தால் அதிர்ஷ்டம். ஓர் அட்டையில் வலிக்குது, தண்ணி, பாத்ரூம், குளிருது, புரட்டி விடு என்று அம்மா எப்படிச் சொல்வாரோ அப்படியே, ஆங்கில எழுத்தில், பக்கத்தில் பொருளோடு எழுதித் தலைமாட்டில் ஒட்டுங்கள். பெரிதாக எழுதுங்கள். இரவில் விளக்கு மங்கலாக இருக்கும்.

இனி ஆள் பற்றாக்குறை. அப்பாவைப் பார்க்க ஒரு நாள் விடியற்காலை நாலரைக்கே போயிருந்தேன். மியன்மார்ப் பெண் ஒருத்தி அப்போதே குளிப்பாட்டத் தொடங்கியிருந்தாள். எந்தப் பாட்டி விடியற்காலை நாலரைக்குக் குளிக்க ஆசைப்பட்டார்? காலைப் பணிமாற்றத்துக்குள் தன் பங்கை முடிக்காவிட்டால் வருகிறவர்கள் திணறுவார்கள், அதற்காகத்தான். அவளுடைய கையுறையின் பின்பக்கம் பேனாவால் 14, 17, 22 என்று எழுதியிருந்தது. இன்னும் புரட்டவேண்டிய கட்டில்கள். அவளிடம் போய் என் அப்பாவுக்கு மட்டும் ஏன் தாமதம் என்று கத்தியிருந்தால் 17ஆம் கட்டிலில் இருந்தவர் இன்னும் பத்து நிமிடம் காத்திருந்திருப்பார், அவ்வளவுதான். இரவு அட்டவணையைப் போடுகிறவர் அவள் இல்லை.

ஆகவே பேசவேண்டியது அட்டவணை போடுகிறவரிடம், அதாவது தாதிமை மேலாளரிடம். பகலில், நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். கேட்கவேண்டியது கொஞ்சம்தான். இரவில் இந்த மாடியில் எத்தனை பேர், அதில் பதிவுபெற்ற தாதி எத்தனை, மீதி உதவியாளர் எத்தனை? ஒருவர் மருத்துவ விடுப்பு எடுத்தால் யார் வருவார்? என் அம்மாவுக்குப் பராமரிப்புத் திட்டத்தை எப்போது கடைசியாக மறுஆய்வு செய்தீர்கள்? உட்கார்ந்து பேசியதை அன்று மாலையே மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். 'நல்ல கவனிப்பு இல்லை' என்று எழுதினால் மன்னிப்புக் கேட்டுப் பதில் வரும், வேறெதுவும் நடக்காது. '12ஆம் தேதி இரவு 2.10க்கு மணி அடித்தார், 2.45க்கு வந்தார்கள்' என்று எழுதினால் யாராவது அந்த இரவின் அட்டவணையை எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். உதவியாளர் பெயரைத் தவிர்த்துவிடுங்கள். யார் நல்லவிதமாகப் பார்க்கிறார் என்று தெரிந்தால் அவர் பெயரை மட்டும் எழுதுங்கள்.

கோபம் அம்மா மேல் திரும்புமா? திரும்பவே திரும்பாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நான் பார்த்தவரை, எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாத குடும்பத்து மூத்தவரை யாரும் அலட்சியமாக விடுவதில்லை. நீங்கள் ஞாயிறு மாலை மட்டும் போகிறவராக இருந்தால் மாற்றுங்கள். ஒரு நாள் காலை உணவு நேரம், இன்னொரு நாள் வேலை முடிந்து இரவு எட்டு. போகும்போது வேவு பார்க்கிற முகத்தோடு போகாதீர்கள். ஒரு பாக்கெட் பிஸ்கட் போதும், பணம் கொடுக்கவேண்டாம், அது அவர்கள் வேலைக்கே உலை வைக்கும்.

இல்லத்தில் எழுதியும் பதில் இல்லையென்றால் மேலே போகலாம். தாதிமை இல்லங்கள் உரிமம் இல்லாமல் நடத்தக்கூடியவை அல்ல. முன்பு 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இருந்தவை 2023 டிசம்பர் முதல் சுகாதாரச் சேவைகள் சட்டத்தின்கீழ் வந்துவிட்டன. உரிமம் கொடுப்பதும் சோதனைக்கு ஆள் அனுப்புவதும் சுகாதார அமைச்சு. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் மூலம் இடம் கிடைத்திருந்தால் அவர்களையும் 1800 650 6060 எண்ணில் கூப்பிடலாம். நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கும் போகலாம், ஆனால் கையில் அந்த மின்னஞ்சல்கள் இருக்கட்டும். அடித்த தடம், காரணம் சொல்ல முடியாத காயம், கட்டிப்போட்ட அடையாளம் என்று ஏதாவது பார்த்தால் இந்தப் படிகளெல்லாம் வேண்டாம். வன்முறைக்கு எதிரான தேசிய உதவி எண் 1800 777 0000 இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, உடனடி ஆபத்து என்றால் 999. எளிதில் பாதிக்கப்படக்கூடிய பெரியவர்களுக்கென்று 2018இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

இடம் மாற்றலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் மனத்தில் ஓடியிருக்கும். அவசரப்படாதீர்கள். அந்த இன்னொரு இல்லமும் இதே ஆட்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது. 2030க்குள் தாதிமை இல்லப் படுக்கைகளை 31,000க்கும் மேல் கொண்டுபோக அரசாங்கம் திட்டமிட்டிருக்கிறது. கட்டடத்தை அரசாங்கம் கட்டி, நடத்தப் பிறரிடம் கொடுக்கும். சரி, கட்டில் வாங்கிவிடலாம். இரவு இரண்டு மணிக்கு அந்தக் கட்டிலருகே நிற்கிறவரை எங்கே வாங்குவது?

இப்போது அண்ணன். இங்கிலாந்தில் பராமரிப்புத் தர ஆணையம் இல்லங்களுக்கு நான்கு தரம் போடுகிறது, அதை இல்லம் எல்லாரும் பார்க்கும்படி வைக்கவும் வேண்டும், கவுன்சில் நடத்தினாலும் சரி, தனியார் நடத்தினாலும் சரி. அது நல்ல ஏற்பாடு, நமக்கும் வந்தால் மகிழ்வேன். ஆனால் இத்தனை பேருக்கு இத்தனை பணியாளர் என்று அங்கே சட்டத்தில் எண் எதுவும் இல்லை. 'போதுமான' ஆட்கள் என்றுதான் இருக்கிறது, எது போதும் என்று இல்லம் சொல்லும், ஆணையம் வந்து பார்க்கும்போது ஒத்துக்கொள்ளும் அல்லது ஒத்துக்கொள்ளாது. அங்கே இன்றைக்குப் பெரும்பாலான இல்லங்கள் கவுன்சில் கையிலும் இல்லை, தனியாரிடம் போய்விட்டன. 2025 ஜூலையோடு வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்புப் பணியாளரை எடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். அங்கேயும் இரவில் மணி அடித்துவிட்டுக் காத்திருக்கும் அம்மாக்கள் உண்டு.

தள்ளிவிட்டாய் என்று சொன்னதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். நமக்கு விடியற்காலை இரண்டு என்றால் அவருக்கு முந்தின மாலை ஆறோ ஏழோ, நன்றாக விழித்திருக்கிற நேரம். வாரத்தில் இரண்டு இரவு அவரே வார்டு எண்ணுக்கு அழைத்து, அம்மாவைப் புரட்டியாயிற்றா என்று மரியாதையாகக் கேட்கட்டும். தொலைபேசி எத்தனை முறை ஒலித்தபின் எடுத்தார்கள் என்பதைக் குறித்து உங்களுக்கு அனுப்பட்டும். அதையும் மின்னஞ்சலில் சேர்த்துக்கொள்ளலாம்.